போத்தலில் செத்ததும் தாங்கியில் தப்புவதும்

திருகோணமலைத் துறைமுகத் தண்ணீரைப் போத்தலில் இருட்டில் வைத்தேன், ஒரு கிழமைக்குள் அதிலிருந்த சிற்றுயிர்கள் எல்லாம் செத்துவிட்டன, பிறகு கப்பலின் பலாஸ்ட் தாங்கியில் (சரக்கில்லாதபோது கப்பல் ஆடாமல் நிற்கக் கடல்நீரை நிரப்பும் தாங்கி) மட்டும் எப்படித் தப்பும் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் முடிவு பிழையில்லை. தாங்கியிலும் பெரும்பாலான மிதவையுயிர்கள் முதல் சில நாட்களிலேயே செத்துப்போகும். ஆனால் ஒரு பெரிய கப்பலில் பல ஆயிரம் தொன் தண்ணீர் இருக்கும், அதில் மிஞ்சும் சொற்பமே போதும். அதைவிட முக்கியம் தாங்கியின் அடிச்சேறு. டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்பாசிகள் கெட்டியான உறைக்குள் சுருண்டு, வெளிச்சமும் உணவும் இல்லாமல் சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும். நீங்கள் மேல்தண்ணீரை மட்டும்தானே அள்ளினீர்கள்? துறைமுக அடிமண்ணில் கொஞ்சம் எடுத்து, வடிகட்டிய கடல்நீரில் கலந்து, வெளிச்சத்தில் சில நாள் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள்.

அப்புறம், வெளியூர் உயிர்களைக் கொண்டுவருவதாக, திருகோணமலையின் சீனன்குடாவுக்குக் கோதுமையோடு வரும் கப்பலைச் சந்தேகிக்காதீர்கள். சரக்கை இறக்கும்போது அது நம் தண்ணீரைத்தான் உள்ளே இழுக்கும். புல்மோட்டை இல்மனைற் (கடற்கரைக் கனிம மணல்) ஏற்ற வெறுமையாக வரும் கப்பல்தான் வெளியூர்த் தண்ணீரைக் கொட்டும். 2017 இல் நடைமுறைக்கு வந்த பலாஸ்ட் தண்ணீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் தரமும் பூச்சியம் கேட்கவில்லை: 50 மைக்ரோமீற்றரும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் கன மீற்றருக்கு 10 இற்குக் குறைவாக இருந்தால் சரி.