உயிரியல் வகுப்பில் சீக்ரெட் சர்வீஸ்

கேள்வி: இணையத்தில் மிரட்டல் பதிவு போடும் பள்ளிப் பிள்ளைகளைக்கூட அதிகாரிகள் விசாரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: விசாரிக்கட்டும், தப்பில்லை. எப்படி என்பதில்தான் எனக்குச் சண்டை. 2006-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் 14 வயதுப் பெண் ஒருத்தி, மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தின் தன் பக்கத்தில் அதிபர் புஷ் படத்தைப் போட்டு, அவரைக் கொல்லச் சொல்லி எழுதிவைத்திருந்தாள். அது குற்றம் என்று வகுப்பில் படித்ததும் அவளே நீக்கியும் விட்டாள். அப்புறமும், அமெரிக்க அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் பள்ளிக்கே போய், உயிரியல் வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டு, அப்பா அம்மா பக்கத்தில் இல்லாமலே கேள்வி கேட்டு அழவைத்தார்கள். அதிபரை மிரட்டினால் 5 வருடம் வரை சிறை என்று 1917-லேயே சட்டம் போட்ட நாடு, அதனால் தேடி வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி விடும்வரை பொறுத்திருந்தால் என்ன குடியா முழுகிவிடும்? (பதிவுதான் ஏற்கெனவே போயே போச்சே!) இத்தனைக்கும், 'என் கையில் துப்பாக்கி கொடுத்தால் முதல் குறி ஜான்சன்தான்' என்கிற மாதிரி அப்போதைய அதிபரைப் பற்றிக் கூட்டத்தில் பேசிய 18 வயசுப் பையனின் வழக்கில், அது நிஜ மிரட்டல் இல்லை, அரசியல் மிகைப்பேச்சு என்று 1969-ல் சொன்னது அதே நாட்டு உச்ச நீதிமன்றம்தான்.