சுவிஸில் 'வெளிநாட்டவர்' என்றால் யார்? கேட்டவையும் சொன்னவையும்

பெர்னில் பல வருடங்களாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். கேட்டிருந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சுவிஸில் நாலில் ஒருவர் வெளிநாட்டவராமே. உண்மையா, அண்ணா?

உண்மைதான். சுமார் 90 லட்சம் பேரில் ஏறக்குறைய 27 சதவீதம். ஆனால் அது கடவுச்சீட்டை வைத்துப் போடும் கணக்கு, பிறந்த இடத்தை வைத்து அல்ல. இங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. அந்த 27 சதவீதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்!

என் மகளும் பெர்ன் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் அட்டை வெளிநாட்டவர் அட்டை. படத்தில் பல் முளைக்காத வாய், கழுத்து நிற்காததால் பின்னால் தாங்கிப் பிடித்த அம்மாவின் விரல் நுனி. அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் பிறகு குடியுரிமை எடுத்துவிட்டேன், அதனால் அந்தக் கணக்கில் நான் இல்லை.

கேள்வி: அதிகம் பேர் எந்த நாட்டவர்? அகதிகளா?

இல்லை. இத்தாலி, ஜெர்மனி, போர்த்துக்கல், பிரான்ஸ் ஆகிய நாட்டவர்தான் முன்வரிசை. பெரும்பாலானோர் வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ வந்தவர்கள். 1983க்குப் பிறகு வந்த எங்களைப் போன்றவர்கள் சிறு பங்குதான்.

கேள்வி: இத்தாலியர் எப்படி இவ்வளவு பேர் வந்தார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1872 முதல் 1882 வரை கொத்தார்ட் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் போட்டவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் மறுபடி ஆள் தேவைப்பட்டது. அப்போது கொடுத்தது பருவகாலத் தொழிலாளர் அனுமதி. வருடத்தில் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஊருக்குத் திரும்ப வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது.

ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு எத்தனை வருடம் இருப்பது? பலர் ஒளித்துக் கூட்டி வந்தார்கள். தாய் தகப்பன் வேலைக்குப் போன பிறகு, "சத்தம் போடாதே, சன்னல் பக்கம் போகாதே" என்ற கட்டளையோடு அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க அறைக்குள் இருந்தார்கள். பள்ளிக்கூடமும் இல்லை. 'அலுமாரிப் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். அந்த அனுமதி முறை 2002இல்தான் ஒழிந்தது. எனக்கு இந்த நாட்டின் மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

1970 ஜூன் 7இல் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் பல லட்சம் பேர் நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலையிலிருந்து தப்பினார்கள். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை வந்தது 1971இல்.

கேள்வி: இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமையைச் சுலபமாக்க முயலவில்லையா?

2004இல் இரண்டாம் தலைமுறைக்காக வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றது. 2017இல் மூன்றாம் தலைமுறைக்கு வென்றது. அதாவது தாத்தாவோ பாட்டியோ இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

கேள்வி: என் தம்பி 7 வயதில் சுவிஸ் வந்தான், இப்போது 15 வயது. குடியுரிமைக்குத் தேவையான பத்து வருடம் ஆகவில்லையே, விண்ணப்பிக்க முடியுமா?

வருடக் கணக்கு சரியாகவே இருக்கிறது, தங்கச்சி. 8 முதல் 18 வயது வரை வாழ்ந்த காலம் இரட்டிப்பாகக் கணக்கில் சேரும், நேரில் ஆறு வருடமாவது இருந்திருந்தால் போதும். உங்கள் தம்பிக்கு 15 வருடம் வருகிறது. ஆனால் கையில் சி அனுமதி, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, இருக்க வேண்டும். அப்புறம், மாநிலமும் ஊராட்சியும் தனியாக இரண்டு முதல் ஐந்து வருடம் வரை வசித்திருக்கச் சொல்லும். வீடு மாறும் யோசனை இருந்தால், மாறுவதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள்.