டர்போ மூச்சிழுக்கும் குழாய்: கேள்வி பதில்

பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் வைத்திருப்பவர்கள் சேலத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்போம். 2004இல் இந்தியாவுக்கு வந்த வண்டி. 1.8 லிட்டர், 20 வால்வு, 150 எச்.பி., எக்சாஸ்ட் வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. என்னுடையதைப் பதினான்கு வருடமாக நானே பிரித்து மாட்டி வருகிறேன். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் இன்லெட் பைப்பை மாற்றலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: சார், என்னுடையது 2005 ஆர்.எஸ். மூன்று இஞ்ச் சிலிக்கான் இன்லெட் பைப் 28,000 ரூபாய் சொல்கிறார்கள். போட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். போடலாமா?

பறக்காது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

150 எச்.பி. எடுக்க உங்கள் எஞ்சின் நொடிக்கு ஏறக்குறைய 120 கிராம் காற்று இழுக்கிறது. நம் ஊர் வெயிலில் அது நூறு லிட்டருக்கு மேல். வீட்டுக்கு வரும் வாட்டர் கேனில் ஐந்தை ஒரு நொடியில் காலி செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் அந்த ஒரு குழாய் வழியாகத்தான் போக வேண்டும். குழாய் இறுக்கமாக இருந்தால் டர்போவின் வாயில் அழுத்தம் குறையும். அதே பூஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம், கொடுக்க அது இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். கடைக்காரர் சொல்வதில் இதுவரைக்கும் பொய் இல்லை.

கம்பெனி குழாய் எஞ்சினுக்குப் பின்னால், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் வளைந்து இறங்குகிறது. கீழே ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பகுதி உண்டு. இருபது வருடமாக எஞ்சினின் எண்ணெய்ப் புகை பட்டுப் பட்டு அந்த ரப்பர் ஊறிப்போய்த் தொளதொளவென்று ஆகியிருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் வெற்றிடத்தில் உள்ளே சப்பிக்கொள்ளும். ஆகவே பல வண்டிகளில் குழாயின் அளவைவிட அதன் வயசுதான் பிரச்சினை. நல்ல நிலையில் இருக்கும் அதே அளவுக் குழாயைப் போட்டாலே வண்டி பழைய வண்டியாகிவிடும்.

காசு கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். நான்கு மீட்டர் டியூபை 'யு' மாதிரி வளைத்து, ஒரு பலகையில் ஸ்கேலோடு கட்டி, பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். இன்னொரு முனையைக் குழாயில் டர்போவுக்குப் பக்கத்தில் செருகுங்கள். நடுவில் ஒரு காலி பாட்டிலைக் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் டர்போவுக்குள் போகும். காலியான நேர்ச்சாலையில் மூன்றாவது கியரில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பலகையைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு கிலோபாஸ்கல். பிறகு டியூபை ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து, குழாய் தொடங்கும் இடத்தில் செருகி இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழாயின் குற்றம். அது இருபது சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் 28,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அறுபது காட்டினால் பேசலாம்.

ஏற்காட்டிலிருந்து, காபித் தோட்டம் வைத்திருப்பவர்: கீழே சேலம் ஐந்து ரோட்டில் வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது. மலை ஏறி மேலே லூப் ரோட்டுக்கு வந்தால் சோர்ந்துவிடுகிறது. டர்போ வண்டிக்கு உயரம் ஒரு பொருட்டில்லை என்றுதானே சொல்வார்கள்?

பொருட்டுதான் மேடம். டர்போ அதைச் சமாளிக்கிறது, அதற்கு ஒரு விலையும் வாங்குகிறது. சேலத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உங்கள் தோட்டத்தில் 85 இருந்தால் அதிகம். எஞ்சினுக்கு உள்ளே 160 வேண்டும் என்று எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான ஈ.சி.யு. கேட்பதாக வைத்துக்கொள்வோம். குழாயில் 2 கிலோபாஸ்கல் நஷ்டம் என்றால் கீழே டர்போ 96ஐ 160 ஆக்க வேண்டும், அதாவது 1.67 மடங்கு. மேலே 83ஐ 160 ஆக்க வேண்டும், 1.93 மடங்கு. ஊறிப்போன குழாயில் 6 கிலோபாஸ்கல் நஷ்டமானால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இந்த வண்டியில் இருப்பது சின்ன டர்போ. அங்கே அதற்கு நாக்குத் தள்ளிவிடும். காற்று மிதமிஞ்சிச் சூடாகும், ஈ.சி.யு. இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், அதாவது தீப்பொறியைத் தாமதமாக்கும். நீங்கள் சோர்வு என்று சொல்வது அதுதான்.

ஒரே குழாய், சமவெளியில் தேவையில்லாத செலவு, மலையில் நியாயமான செலவு. இங்கே கேட்டவர்களில் குழாய்க்குக் காசு போடலாம் என்று நான் அளக்காமலே பாதி சம்மதிப்பது உங்களுக்கு மட்டும்தான். மீதிப் பாதிக்கு லெவல் டியூப்.

ஓமலூர்: அண்ணா, எத்தனை எச்.பி. கூடும்?

கம்பெனி ட்யூனில், குழாய் நல்ல நிலையில் இருந்தால், கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் கூடாது.

ஆத்தூர்: மைலேஜ் ஏறுமா?

ஏறாது.

மேட்டூரிலிருந்து: லினியா டி-ஜெட் வைத்திருக்கிறேன் சார். அதற்கு எந்தக் குழாய் நல்லது?

அந்த வண்டியை நான் பிரித்ததில்லை. பிரித்தவரைக் கேளுங்கள். லெவல் டியூப் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

சூரமங்கலம்: புதுக் குழாய் போட்ட நாளிலிருந்து ஐடிலில் ஆடுகிறது. என்ஜின் லைட்டும் எரிகிறது. குழாய் சரியில்லையா?

மாட்டியது சரியில்லை. ஃபில்டருக்கு அடுத்து ஏர்-ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அது எண்ணிய காற்றுக்குத்தான் ஈ.சி.யு. பெட்ரோல் கொடுக்கும். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஓட்டை இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், கலவை மெலிந்துவிடும். டர்போவுக்குப் பிறகு ஓட்டை என்றால் தலைகீழ்: எண்ணிய காற்று வெளியே போய், பூஸ்டில் பெட்ரோல் மிஞ்சிக் கரும்புகை வரும். உங்களுக்கு முதல் வகை. ஆக்சிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ஹோஸ், எஞ்சினின் எண்ணெய்ப் புகை ஹோஸ், பூஸ்ட் கட்டுப்படுத்தும் வால்வின் சின்ன ஹோஸ் மூன்றும் அந்தக் குழாயில்தான் வந்து சேருகின்றன. மூன்றில் ஒன்றுக்குக் கிளிப் இறுகியிருக்காது.

குழாயின் ஃபில்டர் பக்க முனையைப் பி.வி.சி. மூடியால் அடைத்து, பஞ்சர் கடைக் காற்றை மெதுவாக விட்டு, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். அந்தக் காற்று புகை ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள்ளும் போகும், ஆயில் சீல் பிதுங்கிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், எல்லோருக்குமாகச் சொல்கிறேன். குழாயை மூடும் முன் பனியன் துணியை எண்ணுங்கள். க்ளட்ச் மாற்ற ஒரு பட்டறையில் என் வண்டியை விட்டிருந்தேன். குழாயைக் கழற்றியதும் தூசி போகக் கூடாதென்று டர்போ வாயில் பனியன் துணியைத் திணித்தார்கள். நல்ல பழக்கம்தான். எடுக்க மறந்துவிட்டார்கள். சாவி போட்டு, பட்டறை வாசலைத் தாண்டி இரண்டாவது கியர் போட்டதும் கெட்டில் கொதிப்பதுபோல ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் கம்ப்ரஸர் இறக்கைகள் வெயிலில் வாடிய வெற்றிலைபோலச் சுருண்டிருந்தன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் பொருளில் துணியும் இரும்பும் ஒன்றுதான்.

அம்மாபேட்டை: கோன் ஃபில்டர் போட்டால் போதாதா? குழாய் எதற்கு?

நம் ஊரில் கோன் ஃபில்டரா? கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டி ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கோலப்பொடி கொட்டியது மாதிரி இருக்கும். அதைத் தடுப்பது கம்பெனியின் பேப்பர் ஃபில்டர். மூடி இல்லாத கோன், எஞ்சின் சூட்டையும் சேர்த்து இழுக்கும். எண்ணெய் தடவும் வகையில் எண்ணெய் அதிகமானால் சென்சார் அழுக்காகும். பெட்டியை மாற்றாதீர்கள்.

சங்ககிரியிலிருந்து, லாரிப் பட்டறை வைத்திருப்பவர்: தம்பி, ஒரு ரப்பர்க் குழாய்க்கு இவ்வளவு பேச்சா? சிலிக்கானும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பால் டேங்கர் செய்கிற வெல்டரிடம் எஸ்.எஸ். பைப் வளைத்து வாங்கினால் ஆயுசுக்கும் சப்பாது. எங்கள் லாரிகளில் அப்படித்தான் ஓடுகிறது.

அண்ணே, சப்பாது என்பது சரி. ஆனால் ஃபில்டர் பெட்டி பாடியில் நிற்கிறது, டர்போ எஞ்சினோடு ஆடுகிறது. க்ளட்சை விடும்போது எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். இரும்புக் குழாய் அந்த ஆட்டத்துக்கு வளையாது, ஏதாவது ஓர் இணைப்பைப் பிய்க்கும்.

சங்ககிரி: லாரி எஞ்சின் ஆடாதா தம்பி? இரண்டு முனையிலும் மேடு வைத்த ரப்பர் ஹோஸ் நாலு விரல் நீளத்துக்குப் போடுவோம், ஆட்டத்தை அது வாங்கிக்கொள்ளும். நீங்கள் தூக்கிப் பிடிக்கிற சிலிக்கான் எண்ணெய்க்கு ஆகாது, அது தெரியுமா?

சிலிக்கானை நான் எங்கே தூக்கிப் பிடித்தேன்! ஆனால் எண்ணெய் விஷயம் நீங்கள் சொல்வதுதான் சரி, நானே முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. ஊறி உப்பும், வெளிப்பக்கம் வியர்க்கும். இந்தக் குழாயிலோ எஞ்சின் புகை நேராக வந்து விழுகிறது. உள்ளே ஃப்ளூரோசிலிக்கான் பூச்சு இருக்கிறதா என்று அஸ்தம்பட்டிக்காரர் கடையில் கேட்கட்டும். இல்லையென்றால் 28,000 ரூபாய்க்கு இன்னொரு தொளதொளக் குழாய்தான் கிடைக்கும்.

கருப்பூரிலிருந்து, வெல்டர்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். எஸ்.எஸ். பைப் வளைப்பது பெரிதில்லை, உள் வெல்டிங்தான் பெரிது. ஆர்கான் வெல்டிங்கில் உள்ளேயும் காஸ் விட்டு ஒட்டவில்லை என்றால் உள்பக்கம் கருகிப் பொரிந்து நிற்கும். அது பிறகு உதிரும்.

இதற்காகத்தான் எனக்கு பயம். உதிர்வது நேரே இறக்கைக்குத்தான் போகும்.

சங்ககிரி: பால் டேங்கரில் அப்படிப் பொரிந்து நின்றால் பால் கெட்டுவிடும். அதனால்தான் பால் டேங்கர் வெல்டர் என்று பார்த்துச் சொன்னேன்.

சரி, இந்த இடத்தில் நான் மடக்கப்பட்டேன் என்று ஒத்துக்கொள்கிறேன். உள் காஸ் விட்டு ஒட்டி, ஆசிட் கழுவி, இரண்டு முனையிலும் எண்ணெய் தாங்கும் மேட்டு ஹோஸ் போட்டு, மூன்று சின்ன ஹோஸுக்கும் சரியான அளவில் மூக்கு வைத்தால் எஸ்.எஸ். குழாயை மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஒன்றே ஒன்று மிச்சம்: டர்போவுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே கை நுழையவே மல்லுக்கட்ட வேண்டும். லாரியில் அந்தக் கஷ்டம் கிடையாது. உங்கள் வெல்டர் அந்த வளைவை அங்கே எப்படி இறக்குகிறார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

சங்ககிரி: வண்டியைக் கொண்டு வாருங்கள், இறக்கிக் காட்டுகிறோம்.

ஜாகீர் அம்மாபாளையம்: அண்ணா, எத்தனை எச்.பி. கூடும்?

ஓமலூருக்குச் சொன்னதுதான்.

கொண்டலாம்பட்டி: டர்போ 'ஃபுஷ்' என்று சத்தம் போட என்ன மாட்டலாம்?

காற்றை வெளியே விடும் வால்வைக் கேட்கிறீர்கள். சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று அது. வெளியே விட்டால் ஒவ்வொரு கியருக்கும் பெட்ரோல் மிஞ்சும். சத்தம் வேண்டுமென்றால் ஆடியோ சிஸ்டம் வாங்குங்கள்.

நாமக்கல்: இதெல்லாம் சட்டப்படி சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி செய்துகொடுத்ததை மாற்றக் கூடாது என்கிறது. நம்முடையது பதினைந்து வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். பளபளவென்று நீலச் சிலிக்கானோடு போய் நிற்பதா என்று நீங்களே யோசியுங்கள். கழற்றிய கம்பெனி குழாயை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

ஓமலூர்: அண்ணா, ரீமேப் செய்தால் எத்தனை எச்.பி...

தம்பி, ரீமேப் செய்தால், அதாவது ஈ.சி.யு.வின் ப்ரோகிராமை மாற்றினால், காற்றுத் தேவை கூடும், அப்போது குழாயின் குறை பெரிதாகத் தெரியும். 95 ஆக்டேன் பெட்ரோல் ஒழுங்காகப் போடுகிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். எச்.பி. பற்றி இன்றைக்கு இனி ஒரு கேள்வியும் எடுக்கப் போவதில்லை.

அஸ்தம்பட்டி: சார், கடையில் கேட்டேன். உள்பூச்சு பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் வாங்காதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அடிவாரம் வாருங்கள். பலகையும் டியூபும் என்னிடம் இருக்கிறது. கீழே நேர்ச்சாலையில் ஒரு தடவை, ஏற்காட்டில் மேடத்தின் தோட்டத்துப் பக்கம் ஒரு தடவை அளப்போம். கொண்டை ஊசி இருபதும் முடியும்வரை யாரும் வேகம் காட்ட வேண்டாம். சங்ககிரி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது ஒரு அங்குல ஹோஸ் கிளிப் நாலு எடுத்து வாருங்கள் அண்ணே, என்னிடம் இருப்பது துருப்பிடித்துவிட்டது.