யாருக்கு வசனம்? பள்ளி நாடகக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடங்களில் நாடகம் போடுகிறேன். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து நடிக்கிற, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற நாடகம் பற்றி மட்டும் கேளுங்கள். ஆண்டுவிழா சீசன், நேரம் குறைவு.

திருப்பூர் ஆசிரியை: அக்கா, என் வகுப்பில் 34 பேர். பாதிப் பேர் ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ் வராததால் எல்லோருக்கும் மரம், மலை வேடம் கொடுத்துவிட்டேன். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் அந்த மரங்களை எல்லாம் வெட்டுங்கள். ஒரு பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாதபோது நாம் கையில் எடுப்பது மரம். நாற்பது நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளையை ‘பங்கேற்பாளர்’ என்று அறிக்கையில் எழுதிவிடுவோம்.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா சொன்னதைத் திருப்பிச் சொல்வான், கிண்டலடிப்பான், கூட்டத்துக்கு விளக்குவான். அவனைக் கொண்டுவாருங்கள். ஒடியா பேசும் பிள்ளை ராஜாவாக வந்து ஒடியாவிலேயே பேசட்டும். “என்ன சொல்றாரு தெரியுமா? பசிக்குதாம்!” என்று கட்டியங்காரன் தமிழில் எடுத்துவிடட்டும். கூட்டத்துக்குக் கதை புரியும், சிரிப்பும் வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள், சிரிப்பு ராஜாவின் மொழியைப் பார்த்து வரக்கூடாது, கட்டியங்காரன் தப்பாக மொழிபெயர்ப்பதைப் பார்த்து வர வேண்டும். ராஜா கோபப்பட்டு அவனைத் திருத்துவது மாதிரி ஒரு காட்சி வையுங்கள். அப்பாவோ அம்மாவோ கம்பெனியில் லீவு போட்டு வந்து தன் மொழியை மேடையில் கேட்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கோபி: மேடம், பத்து நிமிட நாடகம் ஸ்கிரிப்ட் கிடைக்குமா?

பிள்ளைகளைப் பார்க்காமல் ஸ்கிரிப்ட் கொடுப்பதில்லை.

ஒரு அம்மா, கோவை: என் மகனுக்கு ஆட்டிசம், எட்டு வயது. போன வருடம் நாடகம் பார்க்கப் போய், இருட்டும் டிரம் சத்தமும் தாங்காமல் அழுதான். வெளியே கூட்டிப்போகச் சொன்னார்கள். இந்த வருடம் போகலாமா?

போங்கள். ஆனால் ஒரு வாரம் முன்னாலேயே பள்ளியிடம் இவற்றைக் கேளுங்கள்: அரங்க விளக்கை முழுசாக அணைக்க வேண்டாம், பாதி வெளிச்சம் போதும். ஸ்பீக்கரைக் குறைக்கட்டும். கதவு ஓரமாக இருக்கை. நடுவில் எழுந்து போய்த் திரும்பி வந்தால் யாரும் முறைக்கக் கூடாது. முந்தின நாள் வேடங்களையும் முகமூடியையும் அவன் தொட்டுப் பார்க்கட்டும். எந்த இடத்தில் சத்தம் வரும் என்று நாலு படத்தோடு ஒரு தாள் எழுதி அவனுக்குக் காட்டுங்கள்.

லண்டனில் இதற்கு ‘ரிலாக்ஸ்டு’ காட்சி என்று பெயர் வைத்து நடத்துகிறார்கள். விடிய விடியக் கூத்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பிள்ளை தூங்கும், எழும், கடலை வாங்கப் போகும், மேடையில் துரியோதனன் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பான்.

முருகேசன், ஆசிரியர்: சக்கர நாற்காலியில் ஒரு மாணவி. மேடை மூன்றடி. நாலு பேர் தூக்கிவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர்.

தூக்காதீர்கள். எல்லோரும் பார்க்க அந்தப் பெண்ணை மூட்டை மாதிரி ஏற்றுவதுதான் அன்றைக்கு முதல் காட்சியாகிவிடும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. உங்கள் மேடைக்கு 36 அடி வேண்டும். இடம் இல்லையென்றால் மேடையை விடுங்கள், தரையில் ஆடுங்கள். கூத்து எந்த மேடையில் ஏறியது? சிறுவர் நாடகம் போடும் புதுச்சேரி வேலு சரவணன் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுதான் இத்தனை வருடம் அவர்களைச் சிரிக்க வைக்கிறார்.

ஒரு அப்பா, சேலம்: பையனுக்கு அவ்வையார் வேடம். கேலி செய்ய மாட்டார்களா?

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தொடங்கிய பால சபாவில், அதாவது சிறுவர் நாடகக் குழுவில், பெண் வேடமும் பையன்கள்தான் கட்டினார்கள். அதில் வளர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் அவ்வையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்றே பெயர் வாங்கினார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் சினிமாவில் ஆண் வேடம் கட்டி நந்தனாராக நடித்தார். கேலி வேடத்தில் இல்லை. குரலைக் கீச்சிட்டு இடுப்பை ஆட்டச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியரிடம் இருக்கிறது. அப்படிச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போய்ச் சண்டை போடுங்கள்.

ரவி: எங்கள் பள்ளியில் குறவன் குறத்தி ஆட்டம் போடுகிறோம். முகத்துக்கு என்ன கறுப்பு பூசலாம்?

எதுவும் பூசக்கூடாது. ஆட்டமும் வேண்டாம். அந்தப் பெயரில் ஆடுவதை 2023இல் தமிழக அரசே தடை செய்தாயிற்று.

ரவி: பாரம்பரியத்தை அழிக்கிறீர்கள். அப்போது குற்றாலக் குறவஞ்சியையும் எரித்துவிடலாமா?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். குறவஞ்சியை எடுத்துப் படியுங்கள். அதில் வரும் குறத்தி சிங்கி தன் மலையைப் பற்றிப் பெருமை பேசுகிறாள், நாயகி வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள். நல்ல பாட்டெல்லாம் அவளுக்கு. அதைப் போடுங்கள், நானே வந்து ஒத்திகை பார்க்கிறேன். உங்கள் ஆட்டத்தில் குறத்திக்கு என்ன வசனம்? இரட்டை அர்த்தம். அதற்குக் கறுப்பு மை எதற்கு?

ரவி: ஊசி, பாசிமணி விற்கிறவர்களைக் காட்டினால் தப்பா?

அவர்கள் நரிக்குறவர்கள், வாக்ரிபோலி என்ற தனி மொழி பேசுகிறவர்கள். குறவர் வேறு சமூகம். இரண்டையும் குழப்பி ஒரே வேடமாக்கி, அதைப் பிள்ளைகளுக்குப் பாரம்பரியம் என்று கற்றுக்கொடுக்கிறீர்கள்.

பெயர் வேண்டாம்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் குறவர் சமூகம். என் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது இந்த ஆட்டத்துக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். “நீ வந்தா மேக்கப் செலவு மிச்சம்” என்றாராம் டீச்சர். அதற்குப் பிறகு அவள் எந்த விழாவிலும் மேடை ஏறவில்லை.

ரவி சார், படித்தீர்களா?

ரவி: படித்தேன். குறவஞ்சி எங்கே கிடைக்கும்?

நூலகத்தில். சிங்கி பகுதி மட்டும் போதும்.

செல்வி: பத்து நிமிட ஸ்கிரிப்ட் இருந்தால்…

கோபிக்குச் சொன்னதுதான்.

சிறப்பாசிரியர், தஞ்சாவூர்: காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வைக்கிறோம். போதுமா?

அவர் எங்கே நிற்கிறார்? திரை ஓரம் இருட்டில் என்றால் வீண். முகத்திலும் கையிலும் விளக்கு விழ வேண்டும். பிள்ளை நடிகரையும் அவரையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்னால் பூப்போட்ட திரை வேண்டாம். முடிந்ததும் கைதட்டலுக்குப் பதில் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கி அசைக்கட்டும்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: அக்கா, எங்கட சிறுவருக்கு என்ன நாடகம் போடலாம் எண்டு சொல்லுவீங்களோ?

தங்கச்சி, நாங்கள்தான் உங்களிடம் கேட்க வேண்டும். உங்கள் நாடக ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’ நாடகத்திலிருந்து தொடங்குங்கள்.

பாலாஜி: மேடம், ஸ்கிரிப்ட்…

இல்லை.

திருப்பூர் ஆசிரியை: அக்கா, இப்போதுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒடியாப் பையன் ஒருவன் ராஜா வேண்டாம், கட்டியங்காரன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தைகூட வராதே!

அப்படியென்றால் ராஜா தமிழில் பேசட்டும், அவன் ஒடியாவில் விளக்கட்டும். அவன் சரியாகத்தான் சொல்கிறானா என்று பார்க்க மற்ற பிள்ளைகள் ஒடியா கற்றுக்கொள்வார்கள். சனிக்கிழமை ஒத்திகை எத்தனை மணிக்கு? நான் வருகிறேன்.