வாசகர் கேள்வி பதில்: எரிமலைச் சாம்பலில் விளைந்த புல்வெளி

கேள்வி: வரும் பிப்ரவரியில் கணவருடனும் கல்லூரியில் படிக்கும் மகனுடனும் வடக்குத் தான்சானியாவில் கூடாரம் அடித்துத் தங்கியபடி வண்டியில் சுற்றிவர எண்ணியுள்ளோம். கையில் எட்டு நாட்களே உள்ளன. மகன் எரிமலைகளைப் பார்க்க வேண்டும் என்கிறான். எனக்கோ விலங்குகளைப் பார்க்க ஆசை. எதை விட்டுக்கொடுப்பது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் பார்க்க ஆசைப்படும் விலங்குகளை அங்கே வரவழைப்பதே உங்கள் மகன் பார்க்க விரும்பும் எரிமலைகள்தான். ஒல் தோய்ன்யோ லெங்காய், கெரிமாசி போன்ற மலைகள் கக்கிய சாம்பலைக் கிழக்குக் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகச் செரெங்கெட்டியின் தென்கிழக்குச் சமவெளியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. அந்தச் சாம்பலின் சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து இறங்கி, மண்ணுக்குள் பாறைபோல் இறுகிக் கிடப்பதால், மரவேர்கள் கீழே செல்ல வழியின்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை குட்டைப்புல் மட்டுமே வளர்கிறது. ஓடைக்கரை அரிபட்டு நிற்கும் இடங்களில் வண்டியில் இருந்தபடியே கவனித்தால், பழுப்பு மண்ணுக்கு நடுவே அந்த இறுகிய அடுக்கு வெளிறிய பட்டையாகத் தெரியும்.

பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அப்புல்லில் நிறைந்திருக்கின்றன. அதனால்தான் சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்டுகள் (மாடுபோன்ற தலையுள்ள பெரிய மானினம்) மழையைத் தொடர்ந்து அங்கே வந்து சேர்ந்து, பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகளை ஈனுகின்றன. ஈரம் காயாத கன்று முன்னங்கால் மடங்கி விழுந்து, மறுபடி எழுந்து, சில நிமிடங்களில் தாயின் பின்னே ஓடத் தொடங்குவதை நான் அந்தச் சமவெளியின் நிடுட்டுப் பகுதியில் பார்த்தேன். மரமில்லாத வெட்டவெளியாதலால், கழுதைப்புலி வருவதும் தாய்க்குத் தொலைவிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் மிகச் சரியானது.

அருஷா நகரில் கூரைமேல் கூடாரம் பொருத்திய ஜீப்பை வாடகைக்கு எடுத்து, முதல் இரண்டு இரவுகளை நேட்ரான் ஏரிக்கரையில் கழியுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பூநாரைகள் முக்கியமாகக் குஞ்சு பொரிப்பது அந்த உப்பு ஏரியில்தான். அடுத்து கொரொங்கோரோ எரிமலைப் பள்ளம், அங்கிருந்து இறங்கி, மீதமுள்ள இரவுகளை நிடுட்டுக்கே ஒதுக்குங்கள். வழியில் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்குக்குத் தெற்கே உள்ள லேட்டோலியின் பெயரையும் மகனுக்குச் சொல்லுங்கள். 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலில் நடந்துபோன மனித மூதாதையரின் காலடித் தடங்களை தொல்மானுட ஆய்வாளர் மேரி லீக்கியின் குழுவினர் 1978-இல் கண்டறிந்தது அங்கேதான்.

கேள்வி: கொரொங்கோரோ முகாமில் வேலி கிடையாது என்கிறார்களே, இரவில் விலங்குகள் வராதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வரும். 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பெரிய எரிமலை உள்ளே சரிந்து விழுந்ததால் உண்டான, 600 மீட்டர் ஆழமும் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் தரைப்பரப்பும் கொண்ட பள்ளம் கொரொங்கோரோ. பள்ளத்துக்குள் தங்க அனுமதியில்லை. மாலைக்குள் மேலேறி, விளிம்பில் உள்ள முகாமில்தான் கூடாரம் அடிக்க வேண்டும். நான் தங்கிய இரவில் கூடாரத் துணிக்கு ஒரு முழம் தள்ளி, வரிக்குதிரைகள் புல்லை நறுக் நறுக்கென்று கடித்து இழுக்கும் ஓசை விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. யானைகளும் தண்ணீர்த் தொட்டியைத் தேடி வருவதுண்டு. பழம், பிஸ்கட் முதற்கொண்டு உண்பொருள் எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். இருட்டியபின் தனியே வெளியே போகாதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால், டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார்த்துவிட்டு, முகாம் காவலரை அழைத்துக்கொண்டு செல்லுங்கள். ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம் என்பதால் கம்பளியும் அவசியம்.

கேள்வி: ஒல் தோய்ன்யோ லெங்காய் மலையில் ஏறலாமா?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: உள்ளூர் மாசாய் வழிகாட்டியுடன் ஏறலாம். மாசாய் மக்கள் அதைக் கடவுளின் மலை என்றே அழைத்து வணங்குகிறார்கள்; அந்த மரியாதையோடு ஏறுங்கள். வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் புறப்பட்டு, காலடியில் சரியும் சாம்பலில் செங்குத்தாக ஏறி, விடியும் வேளையில் உச்சியை அடைவார்கள். உலகில் இன்று கார்பனடைட் குழம்பை, அதாவது கார்பனேட் உப்புகள் நிறைந்த குழம்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றுதான். மற்ற பல எரிமலைகளின் குழம்பு 1,000 டிகிரியைத் தாண்டும்போது, இது 500 முதல் 600 டிகிரி செல்சியசில் கறுப்பாக, தண்ணீர்போல் ஓடி, ஈரம் பட்டதும் வெளுத்துவிடுகிறது. 2007-இல் இது பெரும் சாம்பலோடு வெடித்ததை நினைவில் வைத்து, மலை உறுமுகிறது என்று வழிகாட்டி சொன்னால், பாதி வழியானாலும் இறங்கிவிடுங்கள்.