எஸ்யூ அடித்து ரூட் ஆன பிறகும் அட்யூசர் ஏன் ஓடுவதில்லை?

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலையில் ஒரு பயிற்சி நிலையத்தின் லேப். எல்லாக் கணினியிலும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை). டெர்மினலில் எஸ்யூ (வேறொரு பயனராக மாறும் கட்டளை) என்று தட்டி, ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டைக் கொடுத்தால் # வருகிறது. ஹூஆம்ஐ கேட்டால் 'ரூட்' என்கிறது. ஆனால் மாணவருக்குக் கணக்குத் திறக்க அட்யூசர் என்று தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. கையில் இருக்கும் பழைய நோட்ஸில் எஸ்யூ என்று மட்டும்தான் இருக்கிறது. நோட்ஸ் பிழையா, கணினி பிழையா? உபுண்டுவில் (இன்னொரு லினக்ஸ் வகை) சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஏன் உள்ளே விடுவதில்லை?

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.)

இரண்டிலும் பிழையில்லை. நோட்ஸ் எழுதிய காலத்து எஸ்யூ ஒரு நிரல், உங்கள் கணினியில் இருப்பது அதே பெயரில் இன்னொரு நிரல். வேலை முதலில் நடக்க வேண்டுமென்றால், எஸ்யூ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போடுங்கள்: எஸ்யூ - . பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு அட்யூசர் ஓடும். கோடு போடாமலே உள்ளே போய்விட்டால், முழுப் பாதையையும் கொடுத்து /யூஎஸ்ஆர்/எஸ்பின்/அட்யூசர் என்று அழைக்கலாம்.

காரணம் 'பாத்' என்ற சூழல் மாறி, அதாவது கட்டளைகளை எந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேடுவது என்ற பட்டியல். ரூட்டுக்கான நிர்வாகக் கட்டளைகள் 'எஸ்பின்' அடைவுகளில் கிடக்கின்றன. சாதாரணப் பயனரின் பாத் பட்டியலில் அந்த அடைவுகள் இல்லை. டெபியன் 9 வரை இருந்த எஸ்யூ 'ஷேடோ' தொகுப்பிலிருந்து வந்தது. அது கோடு போடாவிட்டாலும் பாத்தை ரூட்டுக்கு ஏற்றபடி மாற்றிவிடும். 2019 இல் வந்த டெபியன் 10 இலிருந்து 'யூட்டில்-லினக்ஸ்' தொகுப்பின் எஸ்யூ அந்த இடத்துக்கு வந்தது. இது கோடு இல்லையென்றால் பாத்தைத் தொடாது. அதாவது நீங்கள் ரூட் ஆகிவிட்டீர்கள், ஆனால் கட்டளை தேடும் பட்டியல் மட்டும் இன்னும் உங்கள் பழைய கணக்கினுடையது. எக்கோ போட்டு பாத்தைப் பாருங்கள், எஸ்பின் எங்கும் இருக்காது.

பழைய நடத்தையே வேண்டுமென்றால் /எட்சி/லாகின்.டெஃப்ஸ் கோப்பில் 'ஆல்வேஸ்_செட்_பாத் யெஸ்' என்று ஒரு வரி சேர்க்கலாம் (இது மட்டும் பெரிய எழுத்தில், கடைசி யெஸ் சிறிய எழுத்தில்). நான் பரிந்துரைக்க மாட்டேன். பாத் ஒன்றுதான் சரியாகும், மற்றச் சூழல் மாறிகளும் நீங்கள் நிற்கும் அடைவும் பழைய கணக்கினுடையதாகவே இருக்கும். லேப்பில் இருபது கணினியிலும் அந்த வரியைச் சேர்ப்பதைவிடக் கோடு போடும் பழக்கம் மலிவு.

கோடு போட்டால் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சூழல் மாறிகள் ஏறக்குறைய எல்லாம் துடைக்கப்படும், 'டெர்ம்' போன்ற ஓரிரண்டு மட்டும் மிஞ்சும். ஹோம், ஷெல், யூசர், லாக்நேம், பாத் ஆகியவை புதிதாக எழுதப்படும். ரூட்டின் வீட்டு அடைவுக்குப் போவீர்கள். ஷெல்லும் (நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) லாகின் ஷெல்லாகத் தொடங்கும், ஆகவே ப்ரொஃபைல் கோப்பு வாசிக்கப்படும். கோடு இல்லாமல் ரூட் ஆனால் ஹோமும் ஷெல்லும் மட்டும் மாறும், யூசரும் லாக்நேமும்கூட உங்கள் பெயரிலேயே நிற்கும். பல ஸ்கிரிப்டுகள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இனி வரலாறு. உங்களை எரிச்சல்படுத்தும் இந்த நடத்தை புதிதாக முளைத்ததில்லை. பெல் ஆய்வுகூடத்தின் யூனிக்ஸ் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது, எஸ்யூ அதிலேயே உண்டு. அப்போது அது ரூட் ஆவதற்கு மட்டுமான கட்டளை. வேறு பயனராக மாறும் வழி அதில் இல்லை. தொடக்ககாலக் கையேட்டுப் பக்கம் சூப்பர் யூசருக்கு 'அற்புதமான சக்திகள்' உண்டு என்று குறும்பாகவே சொல்கிறது. அவருடைய பொறுப்பை நினைவூட்டத்தான் ஷெல் தன் வழக்கமான குறியை விட்டு # காட்டுகிறது என்றும் அதில் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் # அதே குறிதான்.

1979 இல் வந்த ஏழாம் பதிப்பில் விளக்கம் மாறியது: தற்காலிகமாக இன்னொரு பயனர் அடையாளத்தை எடுத்துக்கொள்வது. யாருடைய பெயரையும் கொடுக்கலாம், பெயர் கொடுக்காவிட்டால் ரூட். நிற்கும் அடைவையும் சூழலையும் மாற்றாமல் ஷெல்லைத் தொடங்கும் என்று அந்தப் பக்கம் தெளிவாகவே சொல்கிறது. ஆக, டெபியன் 10 செய்தது புதுமை இல்லை, 1979 இன் பேச்சுக்குக் கிட்டத்தட்டத் திரும்பிப் போனதுதான். இடையில் ஷேடோ காட்டிய சலுகைக்குப் பழகிப்போனவர்கள் எழுதிய நோட்ஸ்தான் உங்களிடம் இருக்கிறது.

சாதாரணப் பயனர் தட்டிய ஒரு நிரல் எப்படி ரூட் அடையாளத்தை எடுக்கிறது? கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு நிரலை ஓடவைக்கும் செட்யூஐடி பிட்தான் காரணம். டெனிஸ் ரிட்சி அதற்கு 1973 இல் காப்புரிமை கோரினார், 1979 இல் கிடைத்தது.

யூனிக்ஸின் பெர்க்லி கிளையான பிஎஸ்டி பக்கம் ஒரு கூடுதல் பூட்டு வந்தது: பாஸ்வேர்ட் தெரிந்தாலும் 'வீல்' குழுவில் இல்லாதவர் ரூட் ஆக முடியாது. கட்டற்ற மென்பொருள் திட்டமான குனுவின் எஸ்யூ இதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அதன் கையேட்டில், குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் காரணத்தையும் எழுதிவைத்தார்: 1984 இல் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் சிலர் ஆபரேட்டர் பாஸ்வேர்டை மாற்றி, தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அதிகாரத்தைப் பிடிக்கப் பார்த்தார்களாம். சாதாரணப் பயனர் பக்கம் நிற்கும் ஒருவர் ரூட் பாஸ்வேர்டை மற்றவர்களுக்குச் சொன்னால் அவர்கள் அதைப் பயன்படுத்த முடியவேண்டும், வீல் அதைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். ஒரு கட்டளையின் கையேட்டுக்குள் அரசியல் அறிக்கை இப்படிப் புகுந்தது அபூர்வம். மாணவர் லேப்பை நடத்துகிறவருக்கு அந்த வாதம் உதவாது என்பது வேறு விஷயம்.

குனு எஸ்யூ இப்போது குனுவின் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான கோர்யூட்டில்ஸில் இல்லை. 2012 இல் 8.18 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு யூட்டில்-லினக்ஸ் 2.22 எஸ்யூவை ஏற்றுக்கொண்டது. ஆக லினக்ஸுக்குள்ளேயே கோர்யூட்டில்ஸ், ஷேடோ, யூட்டில்-லினக்ஸ் என்று மூன்று எஸ்யூ புழங்கியிருக்கின்றன, வெளியே பிஎஸ்டியும் சோலாரிஸும் வேறு. இணையத்தில் கிடைக்கும் கையேட்டுப் பக்கம் எதனுடையது என்று பாருங்கள். 'மைனஸ் சீ' லினக்ஸில் ஒரு கட்டளையை ஓட்டச் சொல்வது, ஃப்ரீபிஎஸ்டியில் அந்த இடத்தில் அது லாகின் வகுப்பைக் குறிக்கும். உங்கள் கணினியில் எஸ்யூ --வெர்ஷன் என்று கேட்டால் யூட்டில்-லினக்ஸ் என்ற பெயரும் எண்ணும் வரும், பிறகு மேன் எஸ்யூ. நம்ப வேண்டியது அந்தப் பக்கத்தை.

உபுண்டு விஷயத்துக்கு வருவோம். அங்கே ரூட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, கணக்கு பூட்டியிருக்கிறது. நீங்கள் கொடுப்பது உங்கள் சொந்தப் பாஸ்வேர்ட், எஸ்யூ கேட்பதோ ரூட்டினுடையதை. அதனால்தான் 'ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்'. ரூட் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் சுடோவைப் பயன்படுத்தி, சுடோ மைனஸ் ஐ போடுங்கள், அது உங்கள் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். சுடோ 1980 அளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் கோகெஷலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. யாருடைய பாஸ்வேர்ட் கேட்கப்படுகிறது என்பதுதான் இரண்டுக்கும் இடையில் நடைமுறையில் முக்கியமான வேறுபாடு.

டெபியனில் சரியான ரூட் பாஸ்வேர்டுக்கும் இதே செய்தி வந்தால் செட்யூஐடி பிட்டைப் பாருங்கள். எல்எஸ் மைனஸ் எல் /யூஎஸ்ஆர்/பின்/எஸ்யூ என்று தட்டினால் தொடக்கத்தில் -ஆர்டபிள்யூஎஸ் இருக்க வேண்டும். எஸ் இருக்கும் இடத்தில் எக்ஸ் இருந்தால், யாரோ 'பர்மிஷன் சரிசெய்கிறேன்' என்று /யூஎஸ்ஆர் முழுவதற்கும் சீமோட் 755 (அனுமதிகளை மாற்றும் கட்டளை) போட்டிருக்கிறார்கள். திருத்த ரூட்டாக சீமோட் 4755 போட வேண்டும். ஆனால் அதே கையோடு சுடோவின் பிட்டும் போயிருக்கும், ஆகவே ரூட் ஆக வழியே இருக்காது. கணினி துவங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'ஈ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் இனிட்=/பின்/பாஷ் சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தித் துவக்குங்கள். ஷெல் வந்ததும் மவுண்ட் மைனஸ் ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று கொடுத்துவிட்டு எஸ்யூ, சுடோ, பாஸ்வட் ஆகிய மூன்றுக்கும் 4755 போடுங்கள். அந்த 755 தொட்ட இடமெல்லாம் இதுதான் நிலை என்பதால், வசதியிருந்தால் கணினியை மறுபடி நிறுவுவதே மேல்.

'திஸ் அக்கவுண்ட் இஸ் கரன்ட்லி நாட் அவைலபிள்' என்று வந்தால் அந்தக் கணக்கின் ஷெல் 'நோலாகின்', அதாவது யாரையும் உள்ளே விடாத நிரல். இணைய சேவையகத்தின் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா போன்ற கணக்குகள் இப்படித்தான் இருக்கும். ரூட்டாக நின்று எஸ்யூ மைனஸ் எஸ் /பின்/பாஷ் என்று கொடுத்துப் பெயரைப் போடுங்கள். சாதாரணப் பயனராக நின்று அதையே கொடுத்தால் எஸ்யூ அந்த மைனஸ் எஸ்ஸைப் பொருட்படுத்தாது.

இன்னொரு கணக்குக்கு எஸ்யூ மூலம் போய் சிஸ்டம்சிடிஎல் --யூசர் (அந்தப் பயனரின் சேவைகளை நிர்வகிக்கும் கட்டளை) கொடுத்தால் 'ஃபெயில்ட் டு கனெக்ட் டு பஸ்' வருவதும் வழக்கம். எஸ்யூ பயனரை மாற்றுகிறதே ஒழிய, அவருக்கு முழு லாகின் அமர்வைத் திறப்பதில்லை. டெபியனில் சிஸ்டம்டி-கன்டெய்னர் தொகுப்பை நிறுவிவிட்டு, மெஷின்சிடிஎல் ஷெல் என்று தட்டி, பெயரையும் ஒரு @ குறியையும் சேர்த்தால் முழு அமர்வு கிடைக்கும்.

லேப்பில் மாணவர்கள் ரூட் பாஸ்வேர்டை எப்படியாவது பிடித்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. /எட்சி/பாம்.டி/எஸ்யூ கோப்பில் வீல் குழுவில் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் பாம்_வீல் என்ற வரி # போட்டு மூடிக் கிடக்கும், 'ரிக்வயர்டு' என்றிருக்கும் வரியின் # ஐ எடுத்தால் பிஎஸ்டி பூட்டு இங்கேயும் வந்துவிடும். ஒரு பொறி இருக்கிறது: டெபியனில் வீல் என்ற குழு இயல்பாக இல்லை. அப்போது எண் 0 உள்ள குழுவை, அதாவது ரூட் குழுவைப் பார்க்கும். அதில் யாரும் இல்லையென்றால் உங்களையும் சேர்த்து ஒருவரும் உள்ளே போக முடியாது. முதலில் குழுவை உருவாக்கி, உங்கள் கணக்கைச் சேர்த்து, அதற்குப் பிறகு வரியைத் திறங்கள். சோதித்து முடிக்கும்வரை ரூட்டாகத் திறந்த ஒரு டெர்மினலை மூடாதீர்கள்.

யார் எப்போது முயன்றார் என்று பார்க்க: சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் எஸ்யூலாக் என்ற கோப்பு இருந்தது, வென்ற முயற்சிக்கு +, தோற்றதற்கு - . பழைய டெபியனில் /வார்/லாக்/ஆத்.லாக். டெபியன் 12 இல், பதிவுகளை அந்தக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை, எனவே அந்தக் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் வெளியீட்டில் எஸ்யூ என்று கிரெப் கொண்டு தேடினால், யாருடைய கணக்கிலிருந்து ரூட்டுக்குத் தாவினார்கள் என்பது வரிவரியாக வரும்.