வளைகாப்புக்கு என்ன வாங்கி வரச் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ச் நடுவில் எனக்குப் பிரசவம். அடுத்த மாதம் வளைகாப்பு. "குழந்தைக்கு என்ன வேணும்னு சொல்லு, வாங்கிட்டு வர்றோம்" என்று சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் கேட்கிறார்கள். கடையில் கொடுத்த பட்டியலில் 60 பொருள்கள் இருக்கின்றன. எதை எழுதிக் கொடுப்பது, எதை விடுவது?

— வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

கூச்சப்படாமல் எழுதிக் கொடுங்கள். பொருளோடு அளவும் எண்ணிக்கையும் இருக்கட்டும். இல்லாவிட்டால் பிறந்த குழந்தை அளவுச் சட்டைகளாகவே வந்து குவியும். இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றும் பத்தாது. உங்கள் பிள்ளைக்கு முதல் மாதங்கள் கோடை என்பதால் முடிச்சுப் போடும் கையில்லாத பருத்தி ஜப்லா 8 போதும். சட்டை வாங்குகிறேன் என்பவர்களிடம் 6–12 மாத அளவில் முழுக்கையாகக் கேளுங்கள். அதைப் போடும்போது மழைக்காலம் வந்துவிடும்.

தாராளமாகக் கேட்க வேண்டியது துணி நாப்பி. நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நனையும். தினமும் துவைத்தால் 24 போதும். மழையில் காய இரண்டு நாளாகும் என்பதால் 36 இருந்தால் நிம்மதி. புதுத் துணி கஞ்சிப்பசையோடு வரும், ஈரத்தை இழுக்காது. வெந்நீரில் மூன்று முறை அலசிக் காயவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை அலசுங்கள். உடனே பரவி மறைந்தால் கட்டலாம். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கவே கூடாது, அது நூலில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். ஒட்டுப்பட்டை வைத்த நாப்பியை ஒட்டி மூடிவிட்டுத் துவையுங்கள். திறந்திருந்தால் நூல்பிசிறு சிக்கிப் பிறகு ஒட்டாது. கடையில் விற்கும் டயப்பரில் பிறந்த குழந்தை அளவு 5 கிலோ வரைதான். சின்னப் பாக்கெட் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கொசுவலையோடு வரும் மெத்தை எப்படியும் இரண்டு மூன்று வரும். வலையைப் பயன்படுத்துங்கள், கூட வரும் தலையணையையும் உருளைகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். தலை உயர்ந்தால் முகவாய் நெஞ்சில் மடங்கி மூச்சுப் பாதை குறுகும்; உருளையில் முகம் புதையும். தட்டையான, அமுங்காத மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

வாக்கரைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நடை பழக்குவதற்குப் பதில் தள்ளிப்போடும். படியில் உருண்டு மண்டை உடையும். கனடாவில் 2004 முதல் விற்கவே தடை. பால்புட்டி, பவுடர், கண்மையும் தேவையில்லை. பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் எவர்சில்வர் பாலாடை ஒன்று போதும், கொதிக்கவைத்துக் கழுவுவது சுலபம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டில் கார் இருந்தால் நான்கைந்து பேரைச் சேர்ந்து குழந்தை இருக்கை வாங்கித் தரச் சொல்லுங்கள். பின்பக்கம் பார்த்து மாட்டும் வகையாக இருக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் காரிலேயே வைத்துப் பெல்ட் எட்டுகிறதா, இருக்கை ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய இருக்கையை யார் கொடுத்தாலும் வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால், 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, படுக்கை, கொசுவலை, நகவெட்டி என 16 பொருள்கள் உண்டு. இப்போது என்னென்ன தருகிறார்கள் என்று செவிலியரிடம் கேட்டு, அவற்றை அடித்துவிட்டுப் பட்டியலை அனுப்புங்கள்.